கோழிக்கூட்டுப் பேராசிரியர்

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எங்களுக்கு ஒரு சதுரத்தையாவது கீறாமல் வாரம் போவதில்லை. மேல் வரிசையில் தந்தையின் புணரிகள், இடப்பக்கம் தாயின் புணரிகள், நடுவில் பிள்ளைகள். நான்கு கட்டங்கள், சில கணக்குகளுக்குப் பதினாறு கட்டங்கள். நிரப்பி, எண்ணி, விகிதத்தை எழுதிக் கீழே கோடு போட்டுவிட்டால் புள்ளி கிடைக்கும். புனட் சதுரம் என்று அதற்குப் பெயர். புனட் என்பது கணிதத்தில் வரும் ஏதோ ஒரு சொல் என்று எண்ணும் தோழியரும் எங்கள் வகுப்பில் உண்டு. அது ஒரு மனிதரின் பெயர். ரெஜினோல்ட் கிரண்டல் புனட். தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கோழிக் குஞ்சுகளை எண்ணுவதிலேயே செலவிட்டவர். எங்கள் நாட்டுக்கும் ஒருமுறை வந்து போனவர். அவரைப் பற்றித் தேடத் தேட, சதுரத்தை விட மனிதர் சுவாரசியமானவராகத் தெரிந்தார்.

1875 ஜூன் 20ஆம் திகதி இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் டன்பிரிட்ஜ் என்ற ஊரில் பிறந்தார். தந்தை கட்டடம் கட்டும் நிறுவனம் ஒன்றை நடத்தியவர். சிறுவன் ரெஜினோல்டுக்குக் குடல்வால் அழற்சி வந்து படுக்கையில் கிடக்க நேர்ந்தது. அந்நாட்களில் வீட்டில் இருந்த வில்லியம் ஜார்டினின் இயற்கை வரலாற்று நூல்வரிசைதான் அவருக்குத் துணை. பறவைகளும் பூச்சிகளும் மீன்களும் வண்ணப் படங்களாக இருந்த தொகுதிகள் அவை. நோய் போனது, படங்கள் மனதில் நின்றுவிட்டன. கிளிஃப்டன் கல்லூரியில் படித்து, பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கோன்வில் அன்ட் கீஸ் கல்லூரியில் விலங்கியல் கற்று 1898இல் பட்டம் பெற்றார். ஸ்கொட்லாந்தில் சென் அன்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் சில காலம் விரிவுரையாற்றிவிட்டு 1901இல் கேம்பிரிட்ஜுக்கே திரும்பினார். அப்போது அவருடைய ஆராய்ச்சி நாடாவைப் போன்ற கடற்புழுக்களைப் பற்றியது. அப்படியே இருந்திருந்தால் புழுக்களின் பெயர்ப் பட்டியலில் மட்டும் அவர் பெயர் தங்கியிருக்கும்.

மெண்டலின் பட்டாணி ஆராய்ச்சி 35 வருடங்கள் தூசு படிந்து கிடந்து, 1900இல் மறுபடியும் வெளிச்சத்துக்கு வந்ததை நாங்கள் பாடத்தில் படிக்கிறோம். இங்கிலாந்தில் அதற்காக வரிந்து கட்டிக்கொண்டு நின்றவர் வில்லியம் பேட்சன். தாவரத்துக்குப் பொருந்தும் விதி விலங்குக்கும் பொருந்துமா என்பதுதான் அன்றைய பெரிய கேள்வி. பேட்சன் அதைக் கோழிகளிடம் கேட்டார். கோழி மலிவானது, அடிக்கடி முட்டையிடும், இனத்துக்கு இனம் நிறமும் கொண்டையும் கால்விரலும் வேறுபடும். பேட்சனின் அழைப்பை ஏற்று 1904இல் புனட் அவரோடு சேர்ந்தார். கேம்பிரிட்ஜுக்கு அருகே கிராண்ட்செஸ்டர் என்ற கிராமத்தில் பேட்சனின் வீட்டு வளவுதான் ஆய்வுகூடம். பெரிய கருவிகள் எதுவும் இல்லை. கூடுகள், அடைகாக்கும் பெட்டிகள், குறிப்புப் புத்தகங்கள், அவ்வளவுதான்.

கொண்டைக் கதையை நான் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். சேவலின் கொண்டை எல்லாக் கோழி இனத்திலும் ஒரே மாதிரி இல்லை. எங்கள் ஊர்ச் சேவல்களில் பெரும்பாலும் காண்பது வாள் பல்லைப் போல ஒரே வரிசையாக நிற்கும் ஒற்றைக் கொண்டை. சில ஐரோப்பிய இனங்களில் தட்டையாக, முள்முள்ளாக இருக்கும் ரோஜாக் கொண்டை உண்டு. சிலவற்றில் மூன்று சிறு வரிசைகளாக இருக்கும் பட்டாணிக் கொண்டை உண்டு. ரோஜாக் கொண்டையையும் பட்டாணிக் கொண்டையையும் கலந்தால் குஞ்சுகளுக்கு இரண்டில் ஏதாவது ஒன்று வரும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். வந்ததோ இரண்டும் இல்லாத மூன்றாவது ஒன்று. வால்நட் கொட்டையைப் போல் சுருங்கிய கொண்டை. அந்த வால்நட் கோழிகளைத் தமக்குள் கலந்தபோது வால்நட் ஒன்பது, ரோஜா மூன்று, பட்டாணி மூன்று என்ற கணக்கில் வந்து, பதினாறில் ஒன்றாக ஒற்றைக் கொண்டையும் வந்து நின்றது. பாட்டன் பாட்டி யாரிடமும் இல்லாத ஒற்றைக் கொண்டை! பேட்சனும் புனட்டும் 1905இல் இதை விளக்கினார்கள். ஒரே உறுப்பை இரண்டு பரம்பரையலகுகள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இரண்டும் ஆட்சியான வடிவில் இருந்தால் வால்நட். இரண்டுமே பின்னிடைவாக இருந்தால் ஒற்றை. இப்படிப்பட்ட பதினாறு சேர்க்கைகளை வசனத்தில் எழுதினால் எழுதுகிறவருக்கும் தலை சுற்றும், வாசிக்கிறவருக்கும் தலை சுற்றும். அந்தக் காலத்தில்தான் சதுரம் பிறந்தது. 1905இலேயே மெண்டலியம் பற்றிய சிறு நூல் ஒன்றையும் புனட் வெளியிட்டார். சாதாரண வாசகர்களுக்காக அந்தத் துறையில் வந்த முதல் புத்தகம் அது.

பேட்சனின் குழுவில் இருந்தவர்களில் பலர் பெண்கள். பாடநூலில் இந்தச் செய்தி இல்லாதது எனக்கு இன்னும் ஆச்சரியம். எடித் ரெபேக்கா சோண்டர்ஸ் என்பவர் புனட் வருவதற்கு முன்பே பேட்சனோடு உழைத்தவர். கோழி பற்றிய முதல் அறிக்கையில் பேட்சனின் பெயரோடு அவர் பெயரும் இருக்கிறது. பேட்சனின் மைத்துனி ஃபுளோரன்ஸ் டர்ஹம், டொரோதியா மரியட் ஆகியோரும் இருந்தார்கள். அன்றைய கேம்பிரிட்ஜில் பெண்கள் விரிவுரை கேட்கலாம், பரீட்சை எழுதலாம், ஆனால் முழுமையான பட்டம் பெற முடியாது. அந்த உரிமை அங்கே கிடைத்தது 1948இல்தான். ஆண்களின் ஆய்வுகூடங்களில் இடம் கிடைக்காதபடியால் பெண்கள் கல்லூரிகளுக்கென்று 1884இல் பல்ஃபோர் ஆய்வுகூடம் என்று தனியாக ஒன்றைத் திறந்திருந்தார்கள். பட்டமும் பதவியும் கிடைக்காத பெண்களுக்கு, ஆண்கள் அதிகம் மதிக்காத புதிய துறையில் இடம் கிடைத்தது. பட்டம் பெற்ற ஆண்களுக்குப் பேராசிரியர் பதவி கிடைத்தது. சோண்டர்ஸுக்குப் பேராசிரியர் பதவி எந்நாளும் கிடைக்கவில்லை. ஆனால் 1919இல் இங்கிலாந்தின் பிறப்புரிமையியல் சங்கத்தைப் பேட்சனோடு சேர்ந்து தொடங்கியவர் அவர்தான்.

டர்ஹமும் மரியட்டும் கனேரிக் குருவிகளை வளர்த்தார்கள். கனேரியில் பச்சை நிறமும் உண்டு, கறுவாப்பட்டை நிறமும் உண்டு. கறுவா நிற ஆணையும் பச்சைப் பெண்ணையும் சேர்த்தால் மகள்மார் எல்லோரும் தந்தையைப் போலக் கறுவா, மகன்மார் எல்லோரும் பச்சை. மாற்றிச் சேர்த்தால், அதாவது கறுவாப் பெண்ணும் பச்சை ஆணும் சேர்ந்தால், எல்லாமே பச்சை. குருவி வளர்ப்பவர்களுக்கு இது முன்பே ஓரளவு தெரிந்திருந்தது. 1908இல் இவ்விருவரும் அதற்குக் காரணம் காட்டினார்கள். நிறத்துக்கான அலகு இலிங்கத்தோடு பிணைந்திருக்கிறது. பறவைகளில் இரண்டு விதமான புணரிகளை உண்டாக்குவது தாய்தான்.

இன்றைய பாடமொழியில் சொன்னால் இப்படி வரும். மனிதரில் பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் நிறமூர்த்தம், ஆணுக்கு ஒரு எக்ஸும் ஒரு வையும். தாய் கொடுப்பது எக்ஸ் மட்டுமே. தந்தையின் விந்தில் எக்ஸ் இருந்தால் மகள், வை இருந்தால் மகன். பறவையில் இது தலைகீழ். சேவலுக்கு இரண்டு இசட். பேட்டுக்கு ஒரு இசட்டும் ஒரு சிறிய டபிள்யூவும். பேட்டின் முட்டையில் இசட் இருந்தால் சேவல், டபிள்யூ இருந்தால் பேடு. ஆகவே மகளுக்குத் தாயிடமிருந்து இசட் வரவே வராது. அவளிடம் இருக்கும் ஒரே இசட் தந்தையுடையது. கறுவா நிறம் தந்தையிடமிருந்து மகளுக்குத் தாவியது இதனால்தான்.

இங்கே என் சாச்சியைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சாச்சிக்கு நான்கு பெண் பிள்ளைகள். நான்காவது பிள்ளை பிறந்தபோது பார்க்க வந்த உறவினர் ஒருவர், இவளுக்குப் பெண்ணைத் தவிர வேறொன்றும் பெறத் தெரியாது என்று பிள்ளையின் தலைமாட்டிலேயே நின்று சொன்னார். அறையில் இருந்த எவரும் மறுத்துப் பேசவில்லை. சாச்சாவும் பேசவில்லை. நான் உயர்தரத்துக்கு வந்த முதல் வருடம் இந்தச் சதுரத்தைக் கீறி, எக்ஸ் எது, வை எது என்று சாச்சிக்கு விளங்கப்படுத்தினேன். தாயின் பக்கத்தில் எழுத எக்ஸைத் தவிர வேறு எழுத்தே இல்லை என்பதை விரலால் தொட்டுக் காட்டினேன். சாச்சி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்தத் தாளைக் கொப்பியிலிருந்து கிழித்துத் தரச் சொன்னார். மடித்து எங்கே வைத்தார், யாரிடம் காட்டினார் என்று நான் கேட்கவில்லை. சாச்சாவையும் இதில் குற்றம் சொல்ல வழியில்லை. எந்த விந்து முந்தும் என்பதை எந்தத் தகப்பனும் தெரிவு செய்வதில்லை. வேடிக்கை என்னவென்றால், தாய்தான் தீர்மானிக்கிறாள் என்ற பேச்சு கோழிக்கூட்டில் உண்மை. அங்கே பேட்டை யாரும் ஏசுவதில்லை. அங்கே வேண்டாத பிள்ளை ஆண் பிள்ளை. அதற்குப் பிறகு வருகிறேன்.

1908இல் இன்னொரு சம்பவம். மனிதரின் பரம்பரை பற்றிப் புனட் உரையாற்றிய ஒரு கூட்டத்தில் கேள்வி எழுந்தது. ஆட்சியான இயல்புதான் வெல்லும் என்றால் காலப்போக்கில் எல்லோரும் அந்த இயல்போடு அல்லவா இருக்க வேண்டும்? அப்படி ஆகாது என்று புனட்டுக்குப் புரிந்தது, நிரூபிக்கக் கணிதம் போதவில்லை. தன்னோடு கிரிக்கெட் விளையாடும் கணித நண்பரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த நண்பர் ஜி. எச். ஹார்டி. அவர் எழுதி அனுப்பிய சிறு குறிப்புத்தான் இன்று எங்கள் பாடத்திட்டத்தில் ஹார்டி–வைன்பேர்க் சமநிலையாக இருக்கிறது. சில வருடங்கள் கழித்து இதே ஹார்டிதான் இராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்தார். ஒரே வினாத்தாளில் புனட்டும் ஹார்டியும் அடுத்தடுத்த கேள்விகளாக வரும்போது, இவர்கள் ஒரே மைதானத்தில் பந்து பொறுக்கியவர்கள் என்பது எனக்கு நினைவுக்கு வரும்.

1909இல் புனட் இலங்கைக்கு வந்தார். கோழிக்காக அல்ல, வண்ணத்துப்பூச்சிக்காக. பப்பீலியோ பொலிட்டஸ் என்ற கறுப்பு வண்ணத்துப்பூச்சி எங்கள் வீட்டுத் தோட்டங்களில் சாதாரணமாகப் பறப்பது. எலுமிச்சை, தோடை, கறிவேப்பிலை மரங்களில் முட்டையிடும். அதன் ஆண்கள் எல்லாம் ஒரே வடிவம். பெண்களில் மூன்று வடிவங்கள் உண்டு. ஒன்று ஆணைப் போலவே இருக்கும். மற்ற இரண்டும், பறவைகள் தின்ன விரும்பாத வேறு இரண்டு சிவப்பு வண்ணத்துப்பூச்சிகளைப் போல வேடம் போட்டிருக்கும். வேடம் போடுவது பெண் மட்டும். ஏன்? இந்த வேடம் தலைமுறை தலைமுறையாகச் சிறுகச் சிறுகச் சேர்ந்தது என்று அன்றைய அறிஞர் பலர் சொன்னார்கள். புனட் ஏற்கவில்லை. ஒரே பரம்பரையலகு மாறினாலே வேடம் முழுதாக வந்துவிடலாம் என்றார். அவருக்குப் பின் ஃபிரையர் என்பவர் இலங்கையிலேயே இவ்வண்ணத்துப்பூச்சிகளைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து 1913இல் முடிவுகளை வெளியிட்டார். பெண்ணின் வடிவத்தைத் தீர்மானிக்கும் அலகுகள் ஆணின் உடலிலும் இருக்கின்றன, ஆனால் ஆணில் அவை வெளியே தெரிவதில்லை என்பது அதில் தெளிவானது. 1915இல் புனட் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். நூறு வருடங்களுக்கு முன் உலக அறிஞர்கள் சண்டை போட்டுக்கொண்ட பூச்சி எங்கள் கறிவேப்பிலை மரத்தைச் சுற்றுகிறது என்பது எங்கள் பாடநூலில் ஒரு வரியாகவேனும் வந்திருக்கலாம்.

1910இல் பேட்சன் வேறு நிறுவனத்துக்குப் போக, அவர் வகித்த பேராசிரியர் பதவி புனட்டுக்கு வந்தது. இருவரும் சேர்ந்து பிறப்புரிமையியலுக்கென ஒரு சஞ்சிகையையும் அதே வருடம் தொடங்கினார்கள். 1912இல் ஆர்தர் பல்ஃபோர் பெயரில் பிறப்புரிமையியல் பேராசிரியர் பதவி உருவாகியது. பிரித்தானியாவில் அப்படி ஒன்று அதுவே முதல். அதில் அமர்ந்த முதல் ஆள் புனட். 1913இல் திருமணம் செய்துகொண்டார். மறு வருடம் முதலாம் உலக யுத்தம் வந்தது.

யுத்தம் என்றால் உணவுத் தட்டுப்பாடு. தீவு நாடான இங்கிலாந்துக்குத் தானியம் கப்பலில் வர வேண்டும். மனிதர் உண்ணவே போதாத தானியத்தில் கோழிக்குப் போடுவது எப்படி? முட்டையிடும் கோழி வளர்ப்பில், பொரிக்கும் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி சேவல். அவை முட்டையிடப் போவதில்லை. ஆனால் ஒருநாள் குஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்தால் சேவலா பேடா என்று தெரியாது. தெரிய வாரக்கணக்கில் ஆகும். அதுவரை இரண்டுக்கும் தீனி. உணவு உற்பத்தித் திணைக்களத்தில் வேலை செய்த புனட் இதற்குக் கனேரிகள் காட்டிய வழியைச் சொன்னார். கோழியிலும் இசட் நிறமூர்த்தத்தில் நிறத்துக்கான அலகுகள் உண்டு. அவற்றில் வெள்ளி நிறம் ஆட்சியானது, பொன் நிறம் பின்னிடைவானது. பொன் நிறச் சேவலையும் வெள்ளி நிறப் பேட்டையும் சேர்த்தால், தாயின் வெள்ளி மகனுக்கு மட்டும் போகும், மகளுக்குத் தந்தையின் பொன் மட்டும் போகும். இதற்கு இன்றும் சொல்லப்படும் உதாரணம் ரோட் ஐலண்ட் ரெட் சேவலும் லைட் சசெக்ஸ் பேடும். பொரித்த அன்றே மென்மயிரைப் பார்த்தால் போதும். வெளிறிய குஞ்சு சேவல், மஞ்சட்பழுப்புக் குஞ்சு பேடு.

இந்த இடத்தில் நான் நீண்ட நேரம் பேனாவை வைத்துவிட்டு இருந்தேன். அறிவியலாகப் பார்த்தால் இது அழகு. நான்கு கட்டச் சதுரம் கோழிப்பண்ணையில் உயிரோடு நடமாடுகிறது. ஆனால் பிரித்தெடுத்த சேவற்குஞ்சுகளுக்கு என்ன நடந்தது? சிலவற்றை இறைச்சிக்காக வளர்த்தார்கள். மற்றவற்றைப் பொரித்த உடனேயே கொன்றார்கள். புனட்டின் நோக்கம் பஞ்ச காலத்தில் தானியத்தை மிச்சப்படுத்துவது, அதைக் குறை சொல்ல என்னால் முடியாது. ஆனால் பஞ்சம் முடிந்த பிறகும் வழக்கம் முடியவில்லை. குஞ்சின் பின்புறத்தைப் பார்த்தே இனங்காணும் முறையை ஜப்பானில் மசூயியும் ஹஷிமோட்டோவும் 1920களில் கண்டுபிடித்த பிறகு, எந்த இனக் குஞ்சையும் முதல் நாளே பிரிக்க முடிந்தது. சேவற்குஞ்சுகளைக் கொல்வதை ஜேர்மனி 2022இல்தான் சட்டத்தால் தடுத்தது. முட்டைக்குள்ளேயே இனங்காணும் கருவிகள் அங்கே இப்போது பாவனைக்கு வந்திருக்கின்றன. பிறந்தது ஆணா பெண்ணா என்று பார்த்து முகம் சுளிக்கும் பழக்கம் மனிதரிடம் இரண்டு திசையிலும் இருக்கிறது. வீட்டில் ஒரு பக்கம், பண்ணையில் மறுபக்கம். எந்தப் பிள்ளையால் வரவு, எந்தப் பிள்ளையால் செலவு என்ற கணக்கு இரண்டு இடத்திலும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

யுத்தத்துக்குப் பின் புனட் கோழிகளோடேயே இருந்தார். 1922இல் டார்வின் பதக்கம் கிடைத்தது. 1923இல் கோழிகளின் தலைமுறையுரிமை பற்றிய நூலை வெளியிட்டார். ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பது அவருடைய ஓயாத கேள்வி. செப்ரைட் என்றொரு சிறு கோழியினம் உண்டு. அதன் சேவலுக்கு நீண்டு வளையும் வால் இறகு கிடையாது. பேட்டின் இறகுதான் அதற்கும். உடுப்பு பேட்டுடையது, உயிர் சேவலுடையது. கூவும், குஞ்சுகளுக்குத் தந்தையாகும். 1921இல் புனட் பெய்லி என்பவரோடு சேர்ந்து இந்த இயல்பு ஆட்சியான அலகாகக் கடத்தப்படுவதை ஆராய்ந்து எழுதினார். பேடும் இந்த அலகைச் சுமக்கிறது, அதற்கு ஏற்கனவே பேட்டின் இறகு என்பதால் வெளியே தெரிவதில்லை. இலங்கை வண்ணத்துப்பூச்சியில் கண்ட அதே சங்கதி, ஆண் பெண் மட்டும் இடம் மாறியிருக்கிறது.

பெட்டைக் கோழி கூவிப் பொழுது விடியாது என்று எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். கூவும் பேட்டை வீட்டில் வைத்திருப்பது ஆகாது என்று உம்மம்மா உடனே அறுக்கச் சொல்லிவிடுவார். பேடு கூவுவதற்கும் காரணம் இருக்கிறது. பேட்டில் இடப்பக்கச் சூலகம் மட்டுமே வளர்கிறது. வலப்பக்கம் குருத்தாகவே நின்றுவிடும். நோயினால் இடப்பக்கச் சூலகம் அழிந்துபோனால் அந்தக் குருத்து விதையைப் போல வளர்ந்து, சேவலின் இறகும் குரலும் பேட்டுக்கு வந்துவிடலாம். பாவம், நோயாளிக் கோழியைத்தான் இவ்வளவு காலமும் அபசகுனம் என்றிருக்கிறார்கள்.

புனட்டும் அவருடைய துணையாளர் மைக்கேல் பீஸும் அடுத்துச் செய்ததை அவருடைய திறமையின் உச்சம் என்பேன். இரண்டு இனங்களைக் கலந்து குஞ்சை இனங்காண்பதில் ஒரு சங்கடம் உண்டு. ஒவ்வொரு தடவையும் இரண்டு தனி இனங்களை வைத்திருக்க வேண்டும். கலப்புக் குஞ்சுகளை வளர்த்து மறுபடி கலந்தால் அடையாளம் குழம்பிவிடும். ஒரே இனத்துக்குள்ளேயே சேவற்குஞ்சும் பேட்டுக்குஞ்சும் நிறத்தில் வேறுபட்டால்? இறகில் வெள்ளைக் கோடு போடும் அலகு இசட்டில் இருக்கிறது. சேவலுக்கு இரண்டு இசட் என்பதால் இரண்டு மடங்கு கோடு, பேட்டுக்கு ஒரு மடங்கு. ஆகவே சேவல் அதிகம் வெளிறும். கரிய குஞ்சில் இந்த வேறுபாடு சரியாகத் தெரியாது. காம்பைன் என்ற இனத்தின் குஞ்சோ பழுப்பு நிறம். அதற்குள் பார்ட் பிளைமவுத் ரொக் இனத்தின் கோட்டு அலகைப் புகுத்தினார்கள். வெளிறிய குஞ்சு சேவல், தெளிவான பழுப்பு நிறக் குஞ்சு பேடு என்று, தலைமுறை தலைமுறையாகத் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும் முதல் கோழியினம் அப்படி உருவாகியது. அதற்குக் கேம்பார் என்று பெயர் வைத்தார்கள். பிறகு லெக்கோர்ன் கோழியிலிருந்து லெக்பார் வந்தது. தென் அமெரிக்காவின் சிலியிலிருந்து நண்பர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த கோழிகள் நீல முட்டையிட்டன. அந்த நீலம் ஓர் ஆட்சியான அலகால் வருவது என்று 1933இல் புனட் எழுதினார். இன்று ஐரோப்பாவில் பலர் ஆசையோடு வளர்க்கும், நீல முட்டையிடும் கிரீம் லெக்பார் கோழிக்கு மூலம் அதுதான்.

இவரைக் குறையற்றவராகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. சுவீட் பீ என்ற பூச்செடியில் இரண்டு இயல்புகள் ஒன்றாகவே சேர்ந்து கடத்தப்படுவதைச் சோண்டர்ஸ், பேட்சன் ஆகியோரோடு முதலில் கண்டவர் இவர். ஆனால் அவை ஒரே நிறமூர்த்தத்தில் இருப்பதால்தான் அப்படி என்ற எளிய விளக்கத்தை அவர்கள் பிடிக்கவில்லை. அமெரிக்காவில் பழ ஈக்களை வளர்த்த மோர்கனுக்கே அது கிடைத்தது. பேட்சன் பல வருடங்கள் அதை எதிர்த்தார். புனட்டோ பின்னாளில் அதே செடியை மறுபடி வளர்த்து, சேர்ந்து கடத்தப்படும் தொகுதிகளின் எண்ணிக்கை நிறமூர்த்தச் சோடிகளின் எண்ணிக்கையோடு ஒத்துப்போவதைத் தானே காட்டினார். இன்னொன்று இதை விடப் பாரதூரமானது. மனிதரிலும் தகுதி பார்த்துப் பிள்ளை பெறச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அன்றைய கேம்பிரிட்ஜில் மரியாதைக்குரிய எண்ணமாக இருந்தது. புனட்டும் அதற்கு விலக்கல்ல. ஆனால் 1917இல் ஹார்டியின் சமன்பாட்டை வைத்து அவர் போட்ட கணக்கு அந்த எண்ணத்துக்கே இடியாக அமைந்தது. நூற்றில் ஒருவரிடம் தெரியும் ஒரு பின்னிடைவான குறையை, அதை உடையவர்கள் பிள்ளை பெறாமல் தடுத்து ஒரு லட்சத்தில் ஒருவர் என்ற நிலைக்குக் குறைக்க 8000 வருடங்களுக்கு மேல் செல்லும் என்று கணக்குக் காட்டியது. ஏனென்றால் அந்த அலகைச் சுமப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தக் குறையும் தெரியாத சாதாரண மனிதர்கள். கோழியில் செய்ததை மனிதரில் செய்ய நினைத்தவர்களை மறுத்துப் பேசப் பின்வந்தோருக்குக் கோழிக்காரரின் கணக்கே உதவியது.

1940இல் ஓய்வு பெற்று சொமர்செட்டில் பில்புரூக் என்ற கிராமத்துக்குப் போனார். அவருடைய பதவியில் அடுத்து அமர்ந்தவர் ரொனால்ட் ஃபிஷர். வண்ணத்துப்பூச்சி விஷயத்தில் புனட்டின் கருத்தை எழுதி எழுதி மறுத்தவர் அவர்தான். 1967 ஜனவரி 3ஆம் திகதி, 91 வயதில் புனட் காலமானார்.

அவர் போன பிறகு அவருடைய இரண்டு கேள்விகளுக்கும் பதில் வந்தது. 2009இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் குழுவொன்று, கோழியின் இசட் நிறமூர்த்தத்தில் உள்ள டிஎம்ஆர்டி1 என்ற பரம்பரையலகின் வேலையை முட்டைக்குள் இருக்கும் சேவற்கருவில் குறைத்துப் பார்த்தது. விதையாக வளர வேண்டியது சூலகத்தின் பக்கம் திரும்பியது. அந்த அலகு சேவலுக்கு இரண்டு, பேட்டுக்கு ஒன்று. 2014இல் இந்தியரான கிருஷ்ணமேக் குண்டேயும் அவரோடு சேர்ந்த அமெரிக்க ஆய்வாளர்களும், பப்பீலியோ பொலிட்டஸ் பெண்ணின் வேடத்தைத் தீர்மானிப்பது எது என்று கண்டுபிடித்தார்கள். டபிள்செக்ஸ் என்ற ஒரே அலகு. பூச்சிகளில் ஆண் பெண் வேறுபாட்டை நடத்துவதும் அதே அலகுதான். கோழியின் டிஎம்ஆர்டி1உம் வண்ணத்துப்பூச்சியின் டபிள்செக்ஸும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பரம்பரையலகுகள். கிராண்ட்செஸ்டர் கோழிக்கூட்டையும் இலங்கைத் தோட்டத்தையும் புனட் தனித்தனி ஆராய்ச்சிகளாகவே வைத்திருந்தார்.